மூன்றாம் அடியில் ஒரு மூச்சு

கதவைத் திறந்த நாத்தனார் 'வாங்க' என்று சொல்லவில்லை. ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து வாசற்படியில் பொத்தென்று போட்டாள்.

"இது அவளோடது. துணி, சீப்பு, ஆர்கன் வாசிக்க மாட்டிப்பாளே அந்த ஷூ, எல்லாம் இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்திடுங்க. இனி அவ பொருள் ஒண்ணும் இந்த வீட்டுல இல்ல."

"நாங்க துப்பறிய வந்தோம்மா. சலவைக் கடை அடுத்த தெரு" என்றான் துரும்பு.

அவனுடைய உண்மையான பெயர் அவனுக்கே மறந்திருக்கும். சட்டம் படித்து, வழக்கு கிடைக்காமல், மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். சட்டையை ஆணியில் மாட்டினால் எப்படித் தொங்குமோ அப்படித்தான் அவன் மேலும் தொங்கும். மேடம் நேர் எதிர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். நிதானமாக மூச்சு வாங்கிப் படியேறினார். மூட்டையை எடுத்துக்கொள்ளும்படி துரும்புக்குக் கண் காட்டினார்.

உள்ளே யாரும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் வரவில்லை. மேடமாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எதிரே மாமியார். கணவரைப் பறிகொடுத்த துக்கம் அவர் முகத்தில் இருந்தது. அதற்கும் மேலே, வந்தவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்ற கேள்வி இருந்தது. பக்கத்தில் மகன், ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். நாற்காலிக்குக் கீழே அவருடைய வலது கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

மேடத்தை வரவழைத்தது இந்தக் கண்ணாடிக்காரர்தான். அவருடைய மனைவியைத்தான் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. மாமனாரை ஆலயத்தின் மாடிப் படியிலிருந்து தள்ளிக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. மறுநாள் காலை கோர்ட்டில் ஜாமீன் மனு வருகிறது. மாமியாரும் நாத்தனாரும் கொடுத்த வாக்குமூலம் அப்படியே நின்றால் மருமகள் வெளியே வர வழியில்லை.

செத்துப்போன மாமனாரை ஊரே ஆர்கன் வாத்தியார் என்று அழைத்தது. வீட்டை ஒட்டி நிற்கும் ஆலயத்தில் குழாய் ஆர்கன் வாசித்தவர். கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து ஆர்கன் பெஞ்சை மருமகளிடம் விட்டுவிட்டு, ஊன்றுகோலோடு வீட்டில் முடங்கியிருந்தார். அன்று மாலை ஆலயத்திலிருந்து ஆர்கன் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. பிறகு ஏதோ உருளும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், மாடிப் படியின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார்.

போலீஸின் கணக்கு எளிமையானது. அன்று கேட்டது சாதாரணப் பாட்டு அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒருவர் எழுதிய பெரிய உருப்படி. லுத்தரன் சபையின் பழைய ஞானப்பாட்டு ஒன்றை எடுத்து, உடைத்து, ஒளித்து, புயலில் விட்டுக் கடைசியில் கரை சேர்க்கிற வேலை. முடிவுப் பகுதியில் விரல்கள் மேலே மழையாகக் கொட்டிக்கொண்டிருக்க, பாட்டு கால்களுக்கு இறங்கிவிடும். பெஞ்சுக்கு அடியில் வரிசையாக இருக்கும் நீளக் கட்டைகளைக் கால்களால் மிதித்துத்தான் அதை வாசிக்க முடியும். அந்த ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு. மிச்சம் மருமகள்.

மருமகளோ, வீட்டுச் சண்டை தாங்காமல் வாய்க்கால் கரையோரம் தனியாக நடந்துகொண்டிருந்தேன் என்றாள். பார்த்தவர் யாருமில்லை.

என்ன சண்டை என்று மேடம் கேட்டார். நாத்தனார் அதற்காகவே காத்திருந்தவள் போலக் கொட்டினாள். அந்த ஞானப்பாட்டின் மூன்றாவது அடியில், பாதியில், இந்தச் சபையார் ஒரு மூச்சு நின்றுதான் பாடுவார்களாம். கொள்ளுத்தாத்தா காலத்து வழக்கம். அப்பா அந்தப் பெரிய உருப்படியை வாசித்தாலும் அதே இடத்தில் கையும் காலும் நிறுத்தி ஒரு மூச்சு விட்டுத்தான் தொடர்வார். வெளியூரில் படித்துவிட்டு வந்த மருமகள் மட்டும், எழுதினவர் அப்படி எழுதவில்லை என்று சொல்லி நிற்காமல் வாசித்தாள். மாமனார் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

"அவர் இங்கே உட்கார்ந்து தினமும் கேட்பார். அந்த இடம் வரும்போது கையைத் தூக்குவார். அவ தாண்டிப் போயிடுவா. தூக்கின கை அப்படியே நிக்கும்" என்றாள் நாத்தனார். "அன்னைக்கு நேர்ல கேட்கத்தான் மேலே ஏறியிருக்கார். தள்ளிட்டா."

"அந்த இடத்துல ஏன் நிக்கணும்?" என்றான் துரும்பு.

"நிக்கணும்னா நிக்கணும்" என்றார் மாமியார். அதுவரை அவர் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு அது.

கண்ணாடிக்காரர்தான் விளக்கினார். அந்தக் காலத்தில் மோட்டார் கிடையாதாம். ஆர்கனுக்குப் பின்னால் ஒருவர் துருத்தியை மிதித்துக் காற்று அனுப்புவார். மூன்றாவது அடி வரும்போது வலது கால் சோர்ந்து இடது காலுக்கு மாறுவார். காற்று நிற்கும், பாட்டும் நிற்கும். அப்புறம் மோட்டார் வந்தது. வழக்கம் போகவில்லை.

"துருத்தி மிதிச்சவர் மூச்சு நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. பாட்டு மட்டும் இன்னும் அவருக்காக நின்னுட்டிருக்கு" என்றான் துரும்பு.

யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்ற மேடம் மாமியாரிடம் ஒன்று மட்டும் கேட்டார்: அன்று வாசிப்பை இந்த வீட்டிலிருந்து கேட்டது யார்? "நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார் மாமியார், மகள் வாயைத் திறப்பதற்குள்.

வாசல்வரை வந்த கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், அப்பா தானா வழுக்கி விழுந்தார்னு காட்டினா போதும். என் மனைவி வெளியே வந்துடுவா. யார் வாசிச்சாங்க, என்ன வாசிச்சாங்கன்னு கிளற வேண்டாமே."

முதல் நாள் போனில் பேசியபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

*

ஆலயத்தின் மறுபக்கச் சுவரை ஒட்டிப் பல் டாக்டரின் கிளினிக். அவருடைய ஜன்னலும் ஆர்கன் இருக்கும் மாடியின் ஜன்னலும் நேருக்கு நேர். போலீஸுக்கு அவர் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி: ஆமாம், அன்று ஆர்கன் சத்தம் கேட்டது.

"பல் விஷயம்னா உள்ளே வாங்க. ஆர்கன் விஷயம்னா கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

மேடம் துரும்பின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

"பேர்?"

"துரும்பு."

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பல் குத்த உதவும்னு சொல்வாங்க. உட்காரு."

துரும்பின் வாயைத் திறந்து பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே வேலை கிடைத்துவிட்டது. கடைவாய்ப் பல்லில் குழி. ஊசி போட்டார். பாதி வாய் மரத்துப்போய்த் துரும்பு மல்லாந்து கிடந்தான். அவன் பேசாமல் இருந்து மேடம் பார்த்தது அன்றுதான். அந்த அமைதியில் டாக்டரின் கோபத்தை மெல்லக் கிளறிவிட்டார். இப்படி ஒரு சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படித்தான் தொழில் நடத்துகிறீர்களோ என்றார். அவ்வளவுதான், மடை திறந்தது.

ஆர்கனின் மேல் சத்தம்கூடப் பரவாயில்லையாம். கால் சத்தம் ஆரம்பித்தால் சுவர் அதிரும், தட்டில் கருவிகள் குதிக்கும், வாய் கொப்பளிக்கிற டம்ளர் நகரும். அந்த நேரத்தில் ஊசியை எடுத்தால் ஈறுக்குப் பதில் நாக்கில் ஏறிவிடும்.

"பெரியவர் வாசிச்சவரைக்கும் சமாளிச்சேன். அவர் ஒரு இடத்துல நிறுத்துவார். பட்டுனு எல்லாம் அடங்கும். அந்த இடைவெளியில ஊசியைக் குத்திடுவேன். இந்தப் பொண்ணு வந்தா, போச்சு. எக்ஸ்பிரஸ் வண்டி, எங்கேயும் நிக்கறதில்ல. ஜன்னலைத் திறந்து கத்தியே பார்த்துட்டேன்."

"அன்னைக்கும் அப்படித்தானே?" என்றார் மேடம், கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி.

"அன்னைக்கு நின்னுச்சு."

மேடம் தேடுவதை நிறுத்தினார்.

"ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். டம்ளர் விளிம்புக்கே வந்துடுச்சு. சரி, இன்னைக்கும் இப்படித்தான்னு நினைச்சேன். பட்டுனு நின்னுச்சு. குத்திட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஓடிச்சு, பாதியில அறுந்துபோச்சு. அடுத்தாப்ல அந்த உருள்ற சத்தம்."

"இதைப் போலீஸ்ல சொல்லலையா டாக்டர்?"

"ஆர்கன் கேட்டுச்சான்னாங்க. கேட்டுச்சுன்னேன். நின்னுச்சான்னு எவன் கேட்டான்?"

*

தெருவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான் துரும்பு. மறு கையில் மருமகளின் மூட்டை. மரத்த வாயிலிருந்து வார்த்தைகள் வழுக்கி வந்தன. அதைப் பொறுக்கி எடுத்தால் கிடைத்த செய்தி இதுதான்: வாசித்தது மருமகள் இல்லை. செத்தாலும் அவள் அங்கே நிற்க மாட்டாள். அவளைப் போல நடிக்க நினைத்த வெளியாளாக இருந்தாலும் நிற்காமல்தான் வாசித்திருப்பார். நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமலே நிற்கிற கால், இந்த ஆலயத்தில் வளர்ந்த கால். டம்ளர் ஆடுகிற அளவுக்குக் கட்டைகளை மிதித்திருப்பதால் மாவுக்கட்டுக் காலும் இல்லை. ஆக, நாத்தனார். அப்பா பெஞ்சைத் தனக்குத் தராமல் வீட்டுக்கு வந்தவளுக்குக் கொடுத்தால் எந்த மகளுக்கு வயிறு எரியாது? ஒரு காபி பந்தயம்.

"அந்த வாயோட காபி குடிச்சா சட்டைக்குத்தான் போகும்" என்றார் மேடம். "பந்தயம் இருக்கட்டும். மாவுக்கட்டுக் காலோட அந்த மனுஷன் ஏன் மாடி ஏறினார்?"

"சண்டை போட."

"தினமும் தாண்டிப் போனப்ப ஏறல. சண்டை போடணும்னா வீட்டுலயே போடலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு மருமக அங்கேதானே வரணும். அன்னைக்கு மட்டும் ஏன்?"

துரும்பு மூட்டையைக் கை மாற்றிக்கொண்டான்.

மேடம் போதகரைப் பார்த்தார். ஆண்டு விழாவுக்காக மருமகள் வாசித்ததைப் போதகர் போனில் பதிந்து வைத்திருந்தார். மனமில்லாமல்தான் கொடுத்தார். இறந்தவர் குடும்பத்தை மேலும் நோகடிக்காதீர்கள் என்று புத்தி சொல்லித்தான் மாடிக் கதவைத் திறந்தும் விட்டார்.

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சொல்வாங்க" என்றார் மேடம் படியேறும்போது. "பாடின வாயை டாக்டர் அடக்கிட்டார். காலைப் பார்ப்போம்."

*

மேடம் கூப்பிட்டு, வீட்டார் மூவரும் வந்தார்கள். வந்த விதத்திலேயே வெறுப்பு தெரிந்தது. நாத்தனார் படி முழுக்கப் பேசிக்கொண்டே ஏறினாள். இறந்தவர் விழுந்த இடத்துக்கே இழுத்து வருவது எந்த நியாயத்தில் சேர்த்தி, நாளைக் காலையில் கோர்ட்டில் இதையும் சொல்வேன் என்றாள். மாமியார் ஆர்கன் பக்கமே பார்க்கவில்லை. பாடகர் குழு உட்காரும் நீளப் பலகையில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓரத்தில் நாத்தனார், நடுவில் மாமியார், இந்தப் பக்கம் கண்ணாடிக்காரர். அவர் கால் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது.

மருமகள் வாசித்ததைக் கேட்க வேண்டும், வேறொன்றுமில்லை என்றார் மேடம். ஒலிபெருக்கியில் போனை இணைத்தார்.

மருமகள் நன்றாகவே வாசித்தாள். அதை யாராலும் மறுக்க முடியாது. புயல் எழுந்து அடங்கியது. பாட்டு எங்கோ தூரத்தில் ஒரு மெல்லிய குழாயில் எட்டிப் பார்த்து மறைந்தது. பிறகு எல்லாக் குழாய்களும் திறந்தது போல ஒரு வெள்ளம். அதற்கு அடியில், தரையிலிருந்து எழும்புவது போல, அந்த ஞானப்பாட்டு.

துரும்பு நாத்தனாரின் கால்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு காபி அதில் இருந்தது. அந்தக் கால்கள் இரண்டு செங்கல் போலக் கிடந்தன.

மேடம் பார்த்தது வேறு காலை. கண்ணாடிக்காரரின் ஆட்டம் நின்றுவிட்டிருந்தது. வலது கால் நுனி ஊன்றியது, குதிகால் திரும்பியது. இடது கால் அதைத் தாண்டிக் குறுக்கே போனது. அவர் கண்கள் ஜன்னலில் இருந்தன. கால்கள் அவரைக் கேட்காமலே பாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தன. முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியின் நடுவில் வலது கால் அந்தரத்தில் நின்றது. மருமகளின் வாசிப்பு நிற்காமல் தாண்டிப் போனது. கால் மட்டும் அங்கேயே ஒரு மூச்சு நின்றது.

அந்த நொடியில் மாமியாரின் கை வந்து மகனின் முழங்கால் மேல் அழுந்தியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடம் வாசிப்பை நிறுத்தினார். அந்த அமைதியில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பல் துளைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்கும்மா அவர் காலைப் பிடிக்கறீங்க?"

"பெரியவங்க முன்னாடி கால் ஆட்டறது மரியாதை இல்ல" என்றார் மாமியார்.

"காலையில உங்க வீட்டுல நான் இருந்த நேரம் முழுக்க ஆட்டினார். நீங்க கண்டுக்கல. இப்ப ஆட்டினது வேற. குனிஞ்சு பார்க்காமலே உங்களுக்கு அது தெரிஞ்சுது."

மாமியார் கையை எடுக்கவில்லை.

மேடம் டாக்டர் சொன்னதைச் சொன்னார். அன்று பாட்டு நின்றதைச் சொன்னார். சின்ன வயதில் தகப்பன் பெஞ்சில் உட்கார வைத்துப் பழக்கி, 'உனக்குக் காது இல்லடா' என்று இறக்கிவிட்ட மகன் ஒருவர் இந்த வீட்டில் இருந்ததைப் போதகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொன்னார். கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

"உங்க கணவர் கோபத்துல மாடி ஏறல. அந்த இடைவெளியைக் கேட்டுட்டுத்தான் ஏறினார். என்ன சொல்லிட்டுப் போனார்?"

மாமியார் பேசினார். குரலில் கெஞ்சல் இல்லை, நடுக்கம்கூட இல்லை.

"'கேட்டியா, நின்னுட்டா. என் மருமக நின்னுட்டா'ன்னார். அழுதார். கோலை எடுத்துக்கிட்டு நடந்தார். நான்தான் கூட்டிட்டுப் போறேன்னேன், வேண்டாம்னுட்டார். எனக்கு அப்பவே தெரியும். அவ நிக்கிறவ இல்ல."

"சந்தோஷமா ஏறி வந்தவர், பெஞ்சில மகனைப் பார்த்தார்" என்றார் மேடம் கண்ணாடிக்காரரிடம். "அப்புறம்?"

"நீயான்னு கேட்டார்." அவர் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. "கடையைச் சாத்திட்டு, அவ இல்லாத நேரமாப் பார்த்து வந்து பழகிட்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அவர் கேட்கணும்னு நினைச்சேன். கேட்டுட்டுத்தானே அழுதுகிட்டே வந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும் அது எல்லாம் போயிடுச்சு. 'அவதான் நின்னதுன்னு நினைச்சேன், நீயா'ன்னார். திரும்பினார். பின்னாலேயே போனேன். படிகிட்ட கோலை ஓங்கினார். பிடிச்சேன். அவர் இழுத்தார்."

"வழுக்கிட்டார்" என்றார் மாமியார்.

"இல்லம்மா. விட்டுட்டேன். விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

"அதுக்கு உன் பொண்டாட்டி உள்ளே இருக்காளே" என்றான் துரும்பு. வாய் மரத்திருந்தும் அந்த வார்த்தைகள் தெளிவாக வந்தன.

"வழுக்கினார்னு ஆயிட்டா அவளும் வந்துடுவா, நானும் தப்பிச்சுடுவேன். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

மாமியார் மேடத்தை நேராகப் பார்த்தார். "இதை இங்கேயே விட்டுட்டுப் போங்க. நானும் என் மகளும் கொடுத்த வாக்குமூலம் இருக்கு. டாக்டர் சொன்ன சத்தத்தை எந்தக் கோர்ட்டு ஏத்துக்கும்? மருமக இன்னொருத்தி வருவா. மகன் வருவானா?"

மேடம் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் பலகையின் அந்தக் கோடியில் நாத்தனார் எழுந்துவிட்டாள்.

"அம்மா, அன்னைக்கு நான் வீட்டுலயே இல்ல" என்றாள். "ஆபீஸ்லேர்ந்து வந்தப்போ அப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. 'அவதான் வாசிச்சா, நீயும் கேட்டதாச் சொல்லிடு'ன்னு நீதான் சொன்னே. சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். நான் வீட்டுல இருந்திருந்தா மூணாவது அடியிலயே தெரிஞ்சிருக்குமே."

"உனக்கு அவளைப் பிடிக்காதுடி."

"இப்பவும் பிடிக்கல."

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. நேராகத் துரும்பிடம் வந்து கையை நீட்டினாள்.

"அந்த மூட்டையைக் கொடுங்க."

துரும்பு மேடத்தைப் பார்த்தான். மேடம் தலையசைத்தார். மூட்டையின் முடிச்சு தளர்ந்து, மெல்லிய அடி வைத்த கறுப்பு ஷூ ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அதை உள்ளே தள்ளி முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோறேன். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொன்னது பொய்னு எழுதிக் கொடுக்கணும். அண்ணிகிட்டயும் சொல்லணும்."

காலையிலிருந்து அவள் வாயில் அந்த உறவு வந்தது அதுதான் முதல் தடவை.

மாமியாரின் கை மகனின் முழங்கால் மேலேயே இருந்தது. இப்போது அந்தக் கால் ஆடவில்லை. மேடம் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டுக்கொண்டே படிக்கட்டின் தலைப்பில் போய் நின்றார். கீழே இறங்கிக்கொண்டிருந்த நாத்தனார் பாதிப் படியில், தகப்பன் உருண்டு போன வழியில், நின்றாள். ஒரு மூச்சு. பிறகு மூட்டையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.